குடும்ப வரலாற்றுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளைத் தங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம் உழைப்பைப் பெற்றுக்கொண்டது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகளின்) உயில் ஏடுகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் பணியே என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே பெரிதும் பேசும்.

வர்ஜீனியாவில் பிறப்பு இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1853இல்தான். அதற்கு முந்திய காலத்துத் திருச்சபைப் பதிவேடுகளில் ஆங்காங்கே தப்பியவை மட்டுமே எஞ்சியுள்ளன. ஆகவே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வந்து குடியேறியவர்களுள் யார் யாருக்குப் பிள்ளை என்று நிறுவ வேண்டுமானால், பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1634இல் இக்குடியேற்றம் எட்டுக் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான, இன்று நார்தாம்ப்டன் என வழங்கும் கிழக்குக் கரைக் கவுண்டியின் நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் அறுபடாமல் ஈஸ்ட்வில் ஊரில் காக்கப்பட்டு வருகின்றன. அமெரிக்க நாட்டில் இவ்வளவு பழமையான தொடர்ச்சி வேறு எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

புதிய உறுப்பினர்களுக்காக நடைமுறையைச் சற்று விளக்குகிறேன். உயில் எழுதியவர் இறந்தபின், அவ்வுயில் நீதிமன்றம் கூடும் நாளில் கொண்டுவரப்பட்டு, எழுதியவர் கையொப்பமிட்டதைத் தாம் நேரில் கண்டதாகச் சாட்சிகள் சத்தியம் செய்ததும் மெய்ப்பிக்கப்படும். எழுத்தர் அதை உயில் ஏட்டில் படியெடுப்பார். நாம் ஏட்டில் காணும் கையொப்பம் முன்னோர் இட்டதன்று, எழுத்தர் எழுதியது. எழுத்தறியாதவர் இட்ட தற்குறிக் கீறலைக்கூட எழுத்தரே பார்த்து வரைந்திருப்பார். உயில் எழுதிய நாளுக்கும் மெய்ப்பித்த நாளுக்கும் இடையே இறப்பு நிகழ்ந்தது என்பது உறுதி; வேறு சான்று இல்லாத இடத்தில் அதுவே நமக்குக் கிடைக்கும் இறப்புக் குறிப்பு.

இங்கே என் பிழை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். 1698 டிசம்பரில் எழுதிய ஓர் உயில் 1698 பிப்ரவரியில் மெய்ப்பிக்கப்பட்டதாக ஏட்டில் இருந்தது. எழுதுமுன்பே மெய்ப்பிக்க இயலாதே என்று எண்ணி, எழுத்தர் தவறியதாகக் குறிப்பெழுதி, உயில் எழுதிய ஆண்டை 1697 என நான் திருத்திவிட்டேன். 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள்; எனவே அந்தப் பிப்ரவரி டிசம்பருக்குப் பின் வந்ததே. ஏடு சரியாகவே இருந்தது. இரு கணக்கிலும் புரியும்படி 1698/9 என்று எழுதுவதே முறை. அச்சுருக்கத்தைத் திருத்தியதோடு, ஜனவரி முதல் மார்ச் 24 வரை தேதியிட்ட அனைத்தையும் மறுபடி சரிபார்த்துவிட்டோம்.

உயிலில் உள்ள சொற்களே நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதிவைத்த உயிலைக் கண்டு, தந்தைக்கும் மகனுக்கும் பகை என்று ஓர் உறுப்பினர் தம் குடும்ப வரலாற்றில் எழுதியிருந்தார். அவரும் நாங்களும் சேர்ந்து நிலப் பத்திரங்களைத் தேடியபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே தந்தை அம்மகனுக்கு நிலத்தைத் தானப் பத்திரமாக எழுதிக்கொடுத்தது தெரியவந்தது. அவனுக்குரியது முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு ஷில்லிங் என்பது அவனை மறக்கவில்லை என்பதற்கான சட்ட அடையாளம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1785இல் சட்டம் இயற்றி ஒழிக்கும்வரை, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போயிற்று. ஆகவே அக்கால உயிலில் மூத்தவர் பெயர் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டார் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. ‘கசின்’ என்ற சொல் அந்நாளில் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் குறித்தது. தாய் உயிருடன் இருந்தாலும், தந்தையை இழந்த பிள்ளை நீதிமன்றக் கணக்கில் அநாதையே.

கவுண்டி எல்லைகளால் வரும் தொல்லையும் சிறிதன்று. பழைய ரப்பஹானக் கவுண்டி 1692இல் எசெக்ஸ், ரிச்மண்ட் என இரண்டாகப் பிரிந்து மறைந்தது. அதன் ஏடுகள் எசெக்ஸ் கவுண்டியின் தலைநகரான டப்பஹானக்கில் உள்ளன. ரப்பஹானக் ஆற்றின் வடகரையில் வாழ்ந்த தம் மூதாதையை ரிச்மண்ட் கவுண்டியில் தேடி அலுத்துப்போன ஓர் அம்மையாருக்கு, அவர் தேடிய உயில் தென்கரையில் கிடைத்தது.

இனி, இவ்வறிக்கையில் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது: உயிலோடு நின்றுவிடாதீர்கள். உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவரின் பிணைப் பத்திரம், சொத்து மதிப்பீடு, ஏலப் பட்டியல், வரவு செலவுக் கணக்கு, பாகப்பிரிவினை ஆகியவற்றையும் தேடிப் படியுங்கள். பிணை நின்றவர் பல வேளைகளில் மனைவியின் தந்தையாகவோ சகோதரராகவோ இருப்பார். மகள்கள் எந்தக் கணவரின் பெயரில் மறைந்திருக்கிறார்கள் என்பது பாகப்பிரிவினையில்தான் வெளிப்படும். உயில் எழுதாமலே இறந்தவருக்கும் இவ்வாவணங்கள் உண்டு.

மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்றை ஜூன் மாதக் கூட்டத்தில் திரையிட்டு, வரி வரியாகப் படித்தோம். நீதிமன்றம் அமர்த்திய அயலார் சிலர் அறை அறையாகச் சென்று எழுதியது அது. இறகு மெத்தை ஒன்று, இரும்புப் பானை இரண்டு, பழைய ஈயப் பாத்திரங்கள், பசுவும் கன்றும், உடைந்த கண்ணாடி. அதே பட்டியலில், அதே கையெழுத்தில், பசுவுக்கு இரண்டு வரி கீழே ஒரு பெண்ணின் பெயர், ‘அவள் குழந்தையும்’ என்ற சொல், இருவருக்கும் சேர்த்து ஒரு விலை. குழந்தைக்குப் பெயர் எழுதப்படவில்லை. கூட்டத்தில் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் கூட்டாட்சிக் குடிக்கணக்கு 1870இல் எடுக்கப்பட்டது. அதற்கு முன் அவர்களின் பெயர்கள் அதிகமாக அகப்படும் இடம் அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோரின் இத்தகைய ஆவணங்களே. எந்தத் தாய் எந்த வாரிசின் பங்கில் போனார், பிள்ளை யார் பங்கில் போயிற்று என்பதும் அங்கேதான் இருக்கிறது. நாமோ பல ஆண்டுகளாக எழுதிய சுருக்கங்களில் ‘அடிமைகள் ஐவர்’ என்று எண்ணிக்கையை மட்டும் குறித்துவிட்டு நகர்ந்திருக்கிறோம். அது பெருங்குறை; வரலாறு தேடும் சங்கம் செய்யத் தகாத செயல் என்றே நான் கருதுகிறேன். இனி எழுதும் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஆவணத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் உள்ளவாறே எழுதுவது, பழைய சுருக்கங்களையும் படிப்படியாக நிறைவு செய்வது என்று ஜூலைக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இலையுதிர் காலத்தில் ஐல் ஆஃப் வைட் கவுண்டிக்குச் சென்றுவந்தோம். உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்த ஏடுகளை வண்டியில் ஏற்றி, க்ரீன்ஸ்வில், ப்ரன்ஸ்விக் கவுண்டிகளுக்குக் கொண்டுபோய்க் காத்தவர் ராண்டல் பூத். நீதிமன்ற எழுத்தரிடம் அடிமையாக இருந்தவர். ஹானோவர், ஜேம்ஸ் சிட்டி கவுண்டிகளோ பாதுகாப்புக் கருதித் தம் ஏடுகளைத் மாநிலத் தலைநகரான ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3ஆம் நாள் நகரைப் பற்றிய தீயில் அவற்றுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தம் மக்களை விலையிட்டு எழுதிய ஏடுகளை ஒருவர் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் இன்று அம்மக்களின் பெயர்களை நாம் படிக்கிறோம். எரிந்த கவுண்டிகளில் தேடுவோர் மனந்தளர வேண்டாம். பிற கவுண்டி வழக்குகளில் சான்றாக இணைக்கப்பட்ட உயில் நகல்களை வர்ஜீனியா மாநில நூலகம் திரட்டி இணையத்தில் வைத்துள்ளது.

குடும்ப வரலாற்று ஆவணங்களை இணையத்தில் வழங்கும் ஃபேமிலிசர்ச் நிறுவனம் இவ்வாண்டு வெளியிட்ட முழுவாசகத் தேடல் வசதியைப் பயன்படுத்த இரண்டு பயிற்சி வகுப்புகள் நடத்தினோம். பழைய அகரவரிசைகள் உயில் எழுதியவர் பெயரை மட்டுமே காட்டும். இவ்வசதியோ உள்ளே இருக்கும் சாட்சி, அயலார், அடிமை எனப் பலரையும் தேடித் தருகிறது. ஆனால் அக்காலத்தில் எஃப் போன்ற வடிவில் எழுதிய நீள எஸ் எழுத்தைக் கணினி எஃப் என்றே படிக்கும் இடங்கள் நிறைய. மூலப் படத்தைப் பாராமல் எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வரும் ஆண்டில் பழைய சுருக்கங்களை நிறைவு செய்யும் பணி ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும். பழைய கையெழுத்துப் படிக்கப் பழகியவர் ஒருவரும் புதியவர் ஒருவருமாக இணை இணையாக அமர்ந்து செய்ய எண்ணியுள்ளோம். விருப்பமுள்ளோர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையை வேண்டுகிறேன்.

செயலாளர்