எருமைக்கும் வெயில் சுடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் பகுதிச் சந்தை ஒன்றில், உச்சி வெயிலில் ஒரு எருமை நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. நிழல் இல்லை, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "எருமைதானே, தாங்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

தாங்காது ஐயா. பசுவைவிட எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கறுத்த தோல் வெயிலை அப்படியே இழுத்துக்கொள்ளும், அதை மறைக்கப் போதிய முடியும் கிடையாது. குட்டையில் போய்ப் படுப்பதைச் சோம்பல் என்கிறோம். உடல் சூட்டை 38 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அதுதான். மேலே ஒட்டிய சேற்றின் ஈரம் மெல்லக் காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே இல்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் ஆற வேண்டும்.

சித்திரை வருவதற்குள் தருமபுரி மாவட்டச் சந்தைகளில் ஓலைப் பந்தலாவது போட்டு, தொட்டிகளில் தண்ணீர் நிரப்புங்கள். அப்புறம், கால்நடை வியாபாரத்தைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட்டால் ரொம்ப நல்லது.

- எருமை வளர்க்கும் ஒரு வாசகர்,
பென்னாகரம்.