அந்தச் சிவப்பு எம்.ஜி. காரைச் செய்தது என் அப்பா

பெங்களூரில் பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும், அங்கே பரிசுக்கு மார்க் போடுகிற நடுவர்களுக்கும்,

வணக்கம். எனக்குக் கோபம் தமிழில்தான் சரியாக வரும், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். மீதிப் பேருக்கு யாராவது படித்துச் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தேன். அவருக்கு வயது 78, ஒரு கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது, வெளிச்சமாக எதையாவது பார்க்கட்டுமே என்றுதான் கூட்டி வந்தேன். நாங்கள் நுழையும்போது ஒரு சிவப்பு எம்.ஜி. டி.சி. (இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்) வரிசைக்குள் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரே சுற்றில், ரிவர்ஸ் போடாமல், ஆட்டோ மாதிரி வளைத்துக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்பா என் கையைப் பிடித்து, "எம்.ஜி. இப்படி வளையாதுடா, இது ஹெரால்டு கார் வளையிற வளைவு" என்றார். கிட்டே போனோம். முன்னால் ஒரு பலகை: 1947, முழுக்க ஒரிஜினல், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே உடம்பு. பக்கத்தில் ஒரு கோப்பை.

அப்பா ரொம்ப நேரம் பானெட்டின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுப் போக வரிசையாகக் கீறல் வெட்டியிருக்கும் இல்லையா, அதில் வலப்பக்கம் பின்னாலிருந்து நாலாவது மட்டும் ஒரு நூல் குட்டை. அதை வெட்டும்போது கரண்ட் போய்விட்டது. எனக்கே ஞாபகம் இருக்கிறது, டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஆமாம், அந்தக் காரை என் அப்பா செய்தார். 1994-இல், அல்சூரில், ஏரிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த எங்கள் தகரக் கொட்டகையில்.

சிக்மகளூரில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், பெண்ணின் கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய எம்.ஜி. மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று வந்தார். மாதிரி என்றுதான் சொன்னார், அதில் ஒளிவு மறைவே இல்லை. சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய இரும்புச் சந்தையில், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைத்தது, மெட்ராஸில் செய்தது, உடம்பெல்லாம் துரு, ஆனால் சேஸ், அதாவது அடிச்சட்டம், கல் மாதிரி இருந்தது. அம்பாசிடர், ஃபியட்டுக்கெல்லாம் உடம்பும் அடித்தளமும் ஒன்றாகவே வரும், பிரிக்க முடியாது. ஹெரால்டுக்குத் தனி சேஸ். மேலே உள்ளதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு உடம்பு வைக்கலாம். இங்கிலாந்திலும் இப்படி எம்.ஜி. மாதிரி வண்டி கட்டியவர்கள் ஹெரால்டைத்தான் தேடிப் பிடித்தார்கள்.

அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எச்.ஏ.எல்.-இல் விமானத்துக்கு அலுமினியத் தகடு தட்டி ரிட்டையர் ஆனவர். அதனால் அப்பா பட்டி பூசி மேடு பள்ளத்தை மறைக்கிற ஆள் இல்லை. மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் தட்டி, ஒரு மட்கார்டுக்கு ஒன்பது நாள். ஒரிஜினலில் உள்ளே ஆஷ் மரச் சட்டம் இருக்கும், இவர் தேக்கில் போட்டார். ஸ்போக் வீலுக்கு ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் 19 இஞ்ச் ரிம்மை எடுத்து, பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் தனியாக ஹப் கடைந்து மாட்டினார். மொத்தம் எட்டு மாதம். அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை, அது வேறு கதை.

அந்த வண்டி அதற்குப் பிறகு இரண்டு மூன்று கை மாறியிருக்க வேண்டும். இப்போது வைத்திருப்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவரையே யாராவது ஏமாற்றியிருக்கலாம். ஆனால் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன், என்ன பார்த்தீர்கள்?

டாஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் பித்தளைத் தகட்டில் சேஸ் நம்பர் பளபளவென்று 0187 என்று அடித்திருந்தது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்கிற ஊரில் இருந்த எம்.ஜி. கம்பெனிக்கு டெலிபோன் நம்பர் 251. அதனால் அந்தக் காலத்தில் பல மாடல்களுக்கு சேஸ் நம்பரை 0251-இலிருந்துதான் ஆரம்பித்தார்கள். டி.சி.-யில் முதல் வண்டியே 0251. அதற்குக் கீழே ஒரு நம்பர் இந்த உலகத்தில் கிடையாது. நம்பர் தகடு அடித்த மகராசனுக்கும் இது தெரியவில்லை, சரி, பரிசு கொடுத்த உங்களுக்குமா தெரியவில்லை? (அந்தத் தகடு எங்கள் கொட்டகையில் அடித்தது இல்லை. அப்பா கொடுத்தனுப்பியபோது ஹெரால்டு நம்பர்தான் இருந்தது.)

அப்புறம் சக்கரம். டி.சி. ரிம்மில் 48 ஸ்போக், புல்லட்டில் 40. எண்ணுவதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? கையில் டேப் இருந்தால் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கு அளந்து பாருங்கள், டி.சி.-க்கு 94 இஞ்ச் வர வேண்டும், இதில் 91.5-தான் வரும், ஏனென்றால் அது ஹெரால்டு அளவு. சேஸை வெட்டி நீட்டச் சொல்லி அந்தத் தோட்டக்காரர் கேட்டார், வெட்டி ஒட்டிய சேஸ் என்றைக்காவது வாய் பிளக்கும் என்று அப்பா முடியாது என்றுவிட்டார். முன்னால் குனிந்து பார்த்தால் டி.சி.-யில் ஒரே இரும்புத் தண்டு இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஓடும், பட்டை ஸ்பிரிங் இருக்கும். இதில் காயில் ஸ்பிரிங், அது தெரியாமலிருக்க ஒரு தகடு மறைப்பு. ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கியிருந்தால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கியிருக்கும், அது ஹெரால்டு ஆக்சிலின் பிறவிக் குணம். பின்னால் ஸ்டெப்னியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே பெட்ரோல் டாங்க், அதைத் தட்டிப் பாருங்கள், வெறும் டப்பா. எங்கள் காலத்தில் அதற்குள் டூல்ஸ் போட்டு வைத்தோம்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. அசல் டி.சி.-யில் ஓட்டுகிறவர் முன்னால் இருப்பது எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர். ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும். மனைவி வேகத்தைப் பார்த்துக் கத்தட்டும் என்று வைத்தார்கள் போல. தோட்டக்காரர் அதெல்லாம் வேண்டாம், ஸ்பீடு எனக்குத்தான் தெரிய வேண்டும் என்று மாற்றி வைக்கச் சொன்னார். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவும் தெரியாவிட்டால் போகட்டும், ஒரு ஸ்பேனர் போதுமே. டி.சி. எஞ்சின், மாரிஸ் என்கிற இங்கிலீஷ் கார் முதலாளியின் பட்டறையில் பிறந்தது. அந்தப் பட்டறை முதலில் ஹாட்ச்கிஸ் என்கிற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, 1923-இல் மாரிஸ் வாங்கினார். மெஷினெல்லாம் பிரெஞ்சு அளவில் இருந்ததால் போல்ட்டின் மரை மில்லிமீட்டர் கணக்கு, தலை மட்டும் விட்வொர்த் என்கிற பழைய இங்கிலீஷ் அளவு. அதாவது விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், ஆனால் கழற்றிய போல்ட்டுக்கு விட்வொர்த் நட் ஏறாது. இந்தக் கிறுக்குத்தனத்தை எந்த நகலும் காப்பியடிக்காது. ஹெரால்டு போல்ட்டில் விட்வொர்த் ஸ்பேனர் வழுக்கும்.

நகல் வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவே என்னை அடிப்பார். ஒரிஜினல் என்றால் ஒரு ஆணிகூட மாறியிருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. எழுபது எண்பது வருடத்தில் மரச்சட்டம் மக்கும், கரையான் தின்னும், தகடு மாற்றாமல் நம் ஊரில் ஒரு டி.சி.-யும் மிஞ்சியிருக்காது. சேஸ், ஆக்சில், எஞ்சின், காகிதம் நாலும் ஒரே கதையைச் சொன்னால் அது அசல்தான், மரம் எந்தக் காட்டு மரமாக இருந்தால் என்ன. அந்தக் காலத்துப் பெரிய கார்கள் பல, கப்பலில் சேஸாக வந்து இறங்கி இங்கேதான் உடம்பு கட்டிக்கொண்டன. உடம்பு உள்ளூரில் கட்டியது என்பதற்காக அது நகல் ஆகிவிடாது. அந்தந்த வருடத்தில் அந்தந்த வண்டிக்காகக் கட்டியது என்பதுதான் கணக்கு.

அன்றைக்கு நின்ற ஜீப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு ஜீப், நாலுக்கும் இரண்டாம் உலகப் போர் என்று பலகை. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி போர்க்காலத்தில் செய்த ஜீப் என்றால், ஆரம்பத்தில் வந்த பட்டைக் கம்பி கிரில் வண்டிகளைத் தவிர, முன் கிரில்லில் ஒன்பது ஓட்டை, ஏழு ஓட்டை என்றால் போருக்குப் பிறகு வந்த சிவில் வண்டி. பின்னால் திறக்கிற கதவு இருந்தாலும் அப்படித்தான். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்க வேண்டும். ஆனால் ராணுவ ஏலத்தில் எடுத்து இங்கே வலது பக்கம் மாற்றியதும் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் சேஸின் இரண்டு தண்டையும் இணைக்கிற குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். குழாய் மாதிரி உருண்டையாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டி மாதிரி சதுரமாக இருந்தால் அதே ஜீப்பைப் போர்க்காலத்தில் ஃபோர்டு கம்பெனி செய்தது. உங்கள் நாலில் ஒன்றுக்குத்தான் ஒன்பது ஓட்டை இருந்தது. மற்ற மூன்றும் எங்கே யார் கட்டியவையோ, வேலை மோசமில்லை.

2021-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸ், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் வின்டேஜ் என்று தனிப் பதிவு கிடைக்கும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. என்று எழுத்து வரும். இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பா செய்த வண்டியின் சேஸுக்கு நிஜமாகவே 50 வயது தாண்டிவிட்டது. கீழே கிழவன், மேலே என்னைவிடச் சின்னப் பையன். நாளைக்கு உங்கள் கோப்பையையும் சான்றிதழையும் காட்டி அந்த வண்டிக்கு வி.ஏ. நம்பர் கேட்டு ஒருவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவார். அங்கே இருக்கிற ஆள் உங்கள் கையெழுத்தைத்தான் நம்புவார். அப்புறம் அதே வண்டி அசல் விலைக்கு இன்னொருவர் தலையில் போகும்.

அதுகூட எனக்கு இரண்டாம் பட்சம். அன்றைக்கு அப்பா கயிற்றைத் தாண்டிக் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் கைவைக்கப் போனார். உங்கள் பையன் ஒருத்தன், மரியாதையாகத்தான், "தாத்தா, தொடாதீங்க, எண்பது வருஷத்து வண்டி" என்றான். அப்பா கையை எடுத்துக்கொண்டு, "அவ்வளவு வயசாயிடுச்சா இதுக்கு?" என்றார். அவ்வளவுதான். வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. அல்சூர் மார்க்கெட் வந்ததும், "பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கான்" என்றார்.

அந்த வண்டி ஒரிஜினல் என்று நீங்கள் எழுதிய நிமிஷத்தில் என் அப்பா அதைச் செய்யவே இல்லை என்று ஆகிவிட்டது. எட்டு மாதம், ஒன்பது நாளைக்கு ஒரு மட்கார்டு, எல்லாம் ஆபிங்டனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கணக்கில் போய்விட்டது. நகல் என்று எழுதுங்கள். தனி வரிசை வையுங்கள். 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேஸ் மேல் 1994-இல் அல்சூரில் கையால் கட்டியது' என்று எழுதினால் பார்க்கிறவன் இன்னும் ரெண்டு நிமிஷம் கூட நிற்பான். சிவாஜிநகரிலும் கலாசிபாளையத்திலும் இப்படித் தட்டியே கை காய்த்துப்போன மேஸ்திரிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நடுவர் குழுவில் அவர்களில் ஒருவரைப் போடுங்கள். கோட் போட மாட்டார், ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த எம்.ஜி.-க்குள் உட்கார்ந்து, டாஷ்போர்டின் இடது மூலையில், கீழ் விளிம்பை உட்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். வேலை முடிந்ததும் அப்பா ஒவ்வொரு வண்டியிலும் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி வைப்பார், கீழே இரண்டு, மேலே ஒன்று, ஆய்த எழுத்து மாதிரி. பெயிண்ட் எத்தனை கோட் அடித்திருந்தாலும் கைக்குத் தட்டுப்படும்.