இடிக்க வேண்டாம், மாடியைப் பாருங்கள்

வேலூர் மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேதாஜி மார்க்கெட், லாங்கு பஜார் சீரமைப்பு என்று பேச்செடுத்தாலே 'இடித்துவிட்டுக் கட்டலாம்' என்கிறார்கள். கட்ட நமக்குத் தெரியும், 2022-ல் திறந்த புது பஸ் ஸ்டாண்டே சாட்சி. ஆனால் கலைந்த வியாபாரத்தைக் கூட்டிவருவது அவ்வளவு சுலபமில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தும் பழைய கூட்டம் சேரவில்லை.

வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1828-ல் கட்டிய 'ஆர்கேட்' என்ற மூன்றடுக்குக் கடைவளாகம், நடுவே நடைபாதை, மேலே கண்ணாடிக் கூரை. கீழ்க்கடைகள் ஓடின. மாடி ஏறத்தான் ஆளில்லை. 2008-ல் மூடினார்கள். இடிக்கவில்லை, மேல் இரண்டு தளங்களையும் 48 சிறு குடியிருப்புகளாக மாற்றி, கீழே கடைகளை வைத்து 2013-ல் திறந்தார்கள். மேலே குடியிருப்பவர்கள் கீழே இறங்கினால் கடை. அறைகளில் அடுப்பு மட்டும் கிடையாதாம், மைக்ரோவேவ்தான். அது நம்மூருக்குச் சரிப்படாது.

ஏனென்றால் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டும், மற்றவர்களுக்கு மீன்குழம்பு வேண்டும். அடுப்புள்ள அறைக்காக லாட்ஜ் லாட்ஜாக அலைகிறார்கள். பஜாரில் மாடி தாங்கக்கூடிய கட்டடங்கள் எவை என்று பொறியாளர்கள் பார்க்கட்டும். அங்கே குறைந்த வாடகைக்கு அறைகள் போடுங்கள். கீழே மார்க்கெட் மார்க்கெட்டாகவே இருக்கட்டும்.

அந்த மார்க்கெட்டுக்குள் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மூட்டை சுமப்பவர் 'வழி, வழி' என்று வரும்போது ஒதுங்கக்கூட இடமிருக்காது. காலடியில் கோஸ் இலைச் சகதி. அதற்கு நடுவில்தான் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முள்ளுக் கத்தரிக்காயைக் கூறுகட்டி வைத்திருப்பார்கள். காம்பைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விரலில் ஏறிவிடும். வடிகால், கூரை, கழிப்பறை, சரக்கு இறக்கத் தனி நேரம்: இவ்வளவுதான் கீழே தேவை. அதையும் வரிசை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு வரிசைக்கு வேலை நடக்கும்போது மற்ற வரிசைகளில் வியாபாரம் நடக்கட்டும். இப்போதிருக்கும் கடைக்காரருக்கே அதே கடை என்று முதலிலேயே எழுத்தில் கொடுங்கள்.

திட்டத்தை முடிவு செய்யும்முன் கடைக்காரர்களையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். காலையில் வேண்டாம், வியாபாரம் கெடும். மதியம் மூன்று மணிக்கு மேல் வைத்தால் எல்லோரும் வருவார்கள்.

இப்படிக்கு,
பஜாரில் காய் வாங்கும் ஒரு வேலூர்க்காரர்