குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது சட்டமன்ற வாசிப்பு வட்டம். "சாக்கடை அடைப்பை விட்டுவிட்டுச் சட்டமன்றம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சாக்கடைக்காகத்தான். நகராட்சி நிர்வாகத் துறை தன் திட்டங்களையும் செலவையும் விளக்கிப் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை அச்செடுத்துச் சத்தமாகப் படித்தோம். நான்காம் தெரு அக்கா ஒருவர் வடிகால் பற்றிய பத்தியில் பென்சிலால் கோடு போட்டு, "இதில் நம்ம ஊருக்கு எவ்வளவு?" என்று கேட்டார். குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. அவையில் கேட்க வேண்டியவர் நம் தொகுதி உறுப்பினர். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் கோரிக்கைகளை, எடுத்தால், அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? பேரவை விதி 110இன் கீழ் அமைச்சர் படிக்கும் அறிவிப்பு என்றால் விவாதமே கிடையாது.

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் தாண்டக் கூடாது என்று மட்டும்தான் அரசியலமைப்பின் 174ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று அதில் இல்லை. பெரிய பேரவைகள் 90 நாளாவது கூடட்டும் என்று அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. 234 பேர் கொண்ட நம் பேரவை அதன் பக்கத்திலேயே வருவதில்லை.

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நினைவிருக்கும். 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. தொழிற்சங்கங்களை முதலிலேயே ஒரு பேரவைக் குழு கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் மசோதாக்களைப் பார்க்கின்றன. நாமும் செய்யலாம். 208ஆம் பிரிவின்படி பேரவை தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று இந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாரம் வட்டத்தில் உட்கார நாற்காலி இல்லை. மசோதாவில் முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னபோதும் அப்படித்தான். சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் மானியக் கோரிக்கை படித்த மாலைகளில் அந்த முகங்கள் எங்கே போயின? செயற்குழு உறுப்பினர்களிலேயே சிலர் ஒரு முறைகூட எட்டிப்பார்க்கவில்லை. பேரவை தானே சரிசெய்யக்கூடிய குறைகளைப் பற்றி நாம் கேட்காவிட்டால், அவர்கள் ஏன் மாற்றப் போகிறார்கள்?

வட்டத்துக்காகச் சங்கப் பணத்தைத் தொடவில்லை. அச்செடுத்த செலவை வந்தவர்களே பகிர்ந்துகொண்டோம். இது பற்றிய பேச்சு இத்தோடு முடியட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள்தான் அதிகம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும் நன்றி.

2026இல் சட்டமன்றத் தேர்தல். 90 நாள் அமர்வு, துறைவாரிக் குழுக்கள், மசோதாவை முன்கூட்டியே மக்கள் பார்வைக்கு வைப்பது ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, நம் தொகுதி வேட்பாளர்கள் எல்லோரிடமும் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். அதற்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆள் தேவை; இந்த ஆண்டு போலவே என்றால் என்னால் தனியாக முடியாது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வேன். பெயர் கொடுக்க வருபவர்கள் சந்தாவையும் கொண்டுவந்தால், பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு காத்திருப்பார்.

செயலாளர்