பிழையை விழுங்கக் கற்றுத்தராதீர்கள்

ஸ்கிரிப்ட் மொழிகளைக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிழை கையாளுதல் பெரும்பாலும் உங்கள் பாடத்தின் கடைசி அரைமணியில்தான் வருகிறது. அப்போதும் பலகையில் ஏறுவது ஒரே வடிவம்: ட்ரை, எக்செப்ட், பாஸ். ட்ரைக்குள் வேலை, அதில் எழும் பிழையை எக்செப்ட் பிடிக்கும், பாஸ் என்றால் எதுவும் செய்யாமல் கடந்துபோ. "இப்படி எழுதினால் நிரல் பாதியில் நிற்காது" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். நிரல் நிற்கவில்லை, என் புகாரே அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நூற்றுக்கணக்கான பதிவுக் கோப்புகளைத் திறந்து, தேதியைப் பிரித்தெடுத்து, ஓர் அட்டவணையில் சேர்க்க வேண்டும். சுழற்சியின் எல்லா வரிகளையும் ஒரே ட்ரைக்குள் அடைத்தேன். எக்செப்டுக்குப் பக்கத்தில் பிழையின் பெயர் எதுவும் இல்லை, அடியில் பாஸ். இடையில் நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்தினேன். நிற்காமல் அடுத்த கோப்புக்குத் தாவியது. கடைசியில் "முடிந்தது" என்று அறிவிப்பு வேறு. திறந்து பார்த்தால் அட்டவணையில் தலைப்பு வரி மட்டும்.

ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு கோப்பிலும் நேம்எரர், அதாவது 'இப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பிழை, எழுந்தது. ஒவ்வொரு முறையும் நானே அதன் வாயைப் பொத்தினேன். ட்ரையே இல்லாமல் விட்டிருந்தால், முதல் கோப்பிலேயே வரி எண்ணும் அந்தத் தவறான பெயரும் திரையில் வந்திருக்கும். நான் இரண்டு நாள் தேடினேன்.

கன்ட்ரோல்-சி எழுப்புவதும் ஒரு விதிவிலக்குதான், அதாவது பிழைகளைப் போலவே நிரலின் ஓட்டத்தை முறிக்கும் ஒரு அறிவிப்பு. வெறும் எக்செப்ட் அதையும் பிடித்துக்கொள்ளும். 2006-இல் வெளிவந்த பைத்தான் 2.5 அதைச் சாதாரணப் பிழைகளின் தாய் வகுப்பான எக்செப்ஷனின் கீழிருந்து எடுத்து, எல்லா விதிவிலக்குகளுக்கும் மேலே இருக்கும் பேஸ்எக்செப்ஷனின் நேரடி அடியில் வைத்தது. 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்று எழுதினால் விசையாவது வேலை செய்யும். என் நேம்எரர் அப்போதும் காணாமல்தான் போயிருக்கும்.

எது உடையக்கூடும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது: தேதியைப் பிரிக்கும் அந்த ஒரு வரி. ட்ரைக்குள் அது மட்டும் போதும். தேதியின் வடிவம் பொருந்தாதபோது எழும் வால்யூஎரரை மட்டும் பிடித்து, கோப்பின் பெயரைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மற்றதெல்லாம் உடைந்தால் உடையட்டும்.

கட்டளைகளை வரிவரியாக ஓட்டும் ஷெல் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே தொல்லை தலைகீழ்: சும்மா விட்டாலே பிழையைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். கோப்புறை மாறும் கட்டளை தோற்று, அடுத்த வரி அழிக்கும் கட்டளையாக இருந்தால், நின்ற இடத்திலேயே அழிக்கும். 'கட்டளை தோற்றால் நில்' என்னும் 'செட் -இ' போட்டால் தீர்ந்தது என்றும் சொல்லாதீர்கள். இஃப் நிபந்தனைக்குள் தோற்கும் கட்டளையை அது பொருட்படுத்தாது. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாய்த்தொடரில், வென்றதா தோற்றதா என்று சொல்லும் வெளியேற்ற எண்ணைக் கடைசிக் கட்டளைக்கு மட்டுமே பார்க்கும். தொடரில் முந்தைய கட்டளைகள் தோற்றதும் தெரிய பைப்ஃபெயில் என்ற அமைப்பு வேண்டும்.

ஒரே கோரிக்கை. முதல் வாரத்திலேயே, வேண்டுமென்றே உடைத்த ஒரு நிரலை மாணவர்களிடம் கொடுங்கள். உடைந்த இடத்தைக் காட்டும் பைத்தானின் பிழை அறிக்கையான டிரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழையின் பெயர் கடைசி வரியில்தான் இருக்கிறது. பாஸ் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்