கார் இன்சூரன்ஸில் பாதிக்குத்தான் போட்டி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கார் வாங்கி அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டதா! இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஐந்து கம்பெனியில் விசாரித்தால் ஐந்து விலை சொல்கிறார்கள், இவ்வளவு போட்டி இருக்கும்போது அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறாய். நீ பார்த்த போட்டி பாலிசியின் ஒரு பாதிக்கு மட்டும்தான்.

உன் காருக்கு வரும் சேதம், அதாவது ஓன் டேமேஜ், ஒரு பாதி. இதற்கு 2007 ஜனவரி 1 முதல் கம்பெனி வைத்ததுதான் விலை. மறுபாதி தேர்டு பார்ட்டி, அதாவது உன் காரால் அடுத்தவருக்கு வரும் சேதம். அதன் விலையை இன்றும் அரசுதான் சொல்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலான அறிவிப்பில் 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய். புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 10,640. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே தொகைதான். மகள் வாங்கும்போதே அதைக் கட்டியிருப்பாள். இப்போது புதுப்பிப்பது ஓன் டேமேஜ் மட்டும். அதை வேறு கம்பெனியிலும் எடுக்கலாம்.

தேர்டு பார்ட்டியில் பணம் கட்டுபவர் ஒருவர், அடிபடுபவர் வேறொருவர். சாலையைக் கடக்கிறவர் தன்னை இடிக்கப்போகும் வண்டியின் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வண்டிக்காரருக்கோ போலீஸ் கேட்டால் காட்டக் காகிதம் இருந்தால் போதும். மரணத்துக்கும் காயத்துக்கும் இழப்பீட்டு வரம்பு கிடையாது. தீர்ப்பாயத்தில் வழக்கு முடிய வருஷங்கள் ஆகும். பிரீமியம் இன்றைக்கு வரும், செலவு எப்போதோ வரும் என்கிற வியாபாரத்தில் விலையை அடித்துக் குறைக்கவிட்டால், தீர்ப்பு வரும் நாளில் பெட்டி காலியாக இருக்கும்.

அரசு விலை வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். விலை கட்டுப்படியாகாவிட்டால் கம்பெனிகள் லாரிக்காரரைக் கண்டதும் ஏதாவது சாக்குச் சொல்லும். அதற்காக 2007 ஏப்ரலில் வணிக வாகனங்களின் தேர்டு பார்ட்டி நஷ்டத்தைப் பொதுப் பானையில் போட்டு, சந்தைப் பங்குக்கு ஏற்ப எல்லோரும் சுமக்க வைத்தார்கள். பாலிசி கொடுத்தவருக்குக் கிளெய்மைத் துருவிப் பார்க்கும் அக்கறை போய்விட்டது, பானை ஓட்டையானது. 2012 மார்ச்சோடு மூடிவிட்டார்கள்.

இனி, போட்டி நடக்கும் பாதிக்கு வருகிறேன். மலிவான விலையைக் கண்டால் முதலில் ஐடிவியைப் பார், அதாவது கார் திருடுபோனால் கிடைக்கும் தொகை. கார் தயாரிப்பாளர் விலை எட்டு லட்சமாக இருந்த கார் ஒரு வயது தாண்டியதும் 20 சதவீதம் கழித்தால் 6,40,000. அதை 5,20,000 என்று போட்டால் பிரீமியம் குறையும், விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும். திருடுபோனால் 1,20,000 நஷ்டம். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். நாலு லட்ச ரூபாய் பில் வந்தால் 6,40,000 ஐடிவியில் வண்டியைச் சரிசெய்து தருவார்கள்; 5,20,000 ஐடிவியில் வண்டியே போய்விடும்.

அடுத்தது டிப்ரிசியேஷன், அதாவது பாகங்களின் தேய்மானத்துக்குக் கழிப்பது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 உன் கையிலிருந்து போகும். அது போக, கிளெய்மில் நீயே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு 1,000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்தால் அந்தப் பாதி மிச்சம், ஆனால் வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் என்று கேட்டுக்கொள்.

நீங்கள் சென்னையில் இருப்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் தண்ணீர் வடிந்ததும் பலர் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் காற்றைப்போல அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்துக்குப் பாலிசி உண்டு, ஆனால் சாவியைத் திருப்பியதால் வந்த சேதத்தைப் பின்விளைவு நஷ்டம் என்று தள்ளிவிடுவார்கள். இதற்குத்தான் என்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாக விற்கிறார்கள். போட்டியால் வந்த நல்ல சரக்கு அது, ஆனால் ஷரத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலையை அவர்கள் இஷ்டத்துக்கு விடலாம். இந்த ஷரத்தை எல்லோரும் ஒரே மாதிரி எழுதவேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கட்டாயப்படுத்தினால் நான் கைதட்டுவேன்.

ஐந்து கம்பெனியிடமும் 6,40,000 ஐடிவி, ஜீரோ டெப், என்ஜின் ப்ரொடெக்ட் மூன்றையும் ஒரேமாதிரி வைத்து மறுபடி விலை கேட்கச் சொல். கிளெய்ம் எதுவும் இல்லையென்றால் 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் கழித்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல். என்ன விலை வந்தது என்று எழுது.

அன்புடன்,
ராமு