மார்த்தினிக்கில் இருக்கும் மகளுக்கு

காரைக்கால்

அன்பு மகள் செல்விக்கு,

கரீபியன் கடலில் இருக்கும் அந்தப் பிரெஞ்சுத் தீவிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. கொஞ்சம் கறுத்திருக்கிறாய், உடம்பு தேவலை. அந்த வெள்ளை ஜீப் யாருடையது என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

பாஸ்-புவாந்த் பக்கம் ரோட்டோரம் விற்கும் கிழங்கை வாங்காதே. 1993 வரை வாழையடியில் போட்ட குளோர்தெக்கோன் மருந்து இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது. சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் அதை இழுத்துக்கொள்ளும். மரத்தில் காய்ப்பதற்குப் பயமில்லை.

அந்தத் தோட்டக் குடும்பத்தின் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாய், பிறகு சொல்லவேயில்லை. சித்தி 'வெள்ளைக்கார மாப்பிள்ளையா' என்று சிரிக்கிறாள். பாரீசிலிருந்து வேலைக்கு வருகிறவன் வேறு, அந்தக் காலத்து வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் வம்சமான பெக்கே வேறு என்பது அவளுக்கு எங்கே தெரியும்? 1794-ல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, பக்கத்துத் தீவான குவாதலூப்பில் தோட்ட முதலாளிகளின் தலை உருண்டது. மார்த்தினிக்கை அப்போது ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால் இவர்கள் தப்பினார்கள். நிலம் வெளியே போகாதபடி தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தவர்கள். 1853 முதல் கப்பலேறிய நம் பக்கத்து ஜனம் அவர்கள் கரும்பை வெட்டத்தான் போனது. நம்மவர் கறுப்பர் வீட்டில் சம்பந்தம் செய்து பல தலைமுறை ஆயிற்று. பெக்கே வீட்டு வாசல் அப்படியில்லை; இப்போது சில வீடுகளில் தளர்ந்திருக்கலாம்.

யாரையும் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். சொத்து கிடையாது என்று பையனை மிரட்டுவார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளையை முழுக்க ஒதுக்க முடியாது. ஒரே பிள்ளையென்றால் பாதி, இருவரென்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேலென்றால் முக்கால் பாகம் பிள்ளைகளுக்குக் கட்டாயம். ஆனால் தோட்டம் கம்பெனிப் பங்காக இருந்தால் கையில் காகிதம்தான் வரும். மற்றப் பங்காளிகள் சம்மதிக்காமல் விற்பது கஷ்டம். நீ சொத்தைப் பார்க்கிறவள் இல்லை. பரீட்சை எழுதி, சொந்தச் சம்பளத்தில் நிற்கிறவள். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறைவாக மட்டும் இருக்காதே. 1685-ல் பிரெஞ்சு ராஜா அடிமைகளைப் பற்றிப் போட்ட சட்டம்கூட, அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றவனுக்கு இரண்டாயிரம் ராத்தல் சர்க்கரை அபராதம் விதித்தது. மணமாகாதவன் அவளைத் தேவாலயத்தில் வைத்துக் கட்டிக்கொண்டால் அபராதம் இல்லை. கட்டிக்கொள்ளாமல் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு வைத்தவர்கள்தான் அதிகம். மறைவாக இருக்காதே.

கல்யாணம் என்றால் இருவர் குடியிருக்கும் ஊர் மேரியிலும் (நகராட்சி அலுவலகம்) பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். பெயர், தொழில், விலாசம் எல்லாம் அதில் இருக்கும். ஒட்டலாமா என்று கேட்டுப் பார், ஆள் எப்படியென்று தெரிந்துவிடும். பெற்றவர்கள் ஆட்சேபம் போடலாம், ஆனால் நிறமும் குலமும் சட்டத்தில் காரணமாகாது, கோர்ட் தள்ளிவிடும். உன் பிறப்புப் பதிவு பிரான்சில் நாந்த் நகரத்தில் இருக்கிறது. நகல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இப்போதே வாங்கி வைக்காதே. மேரியே நேராக அங்கே கேட்டு வாங்குமா என்று முதலில் விசாரி. ஒப்பந்தம் எழுதுவதானால் கல்யாணத்துக்கு முன்பே, பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போக வேண்டும்.

தேதி வைத்தால் முன்கூட்டியே சொல். பாரீசில் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கி, ஓர்லி விமான நிலையத்துக்கு மாற வேண்டி வரலாம். அந்த முழங்காலோடு அம்மாவை ஒரே நாளில் இழுத்துக்கொண்டு வர முடியாது.

அப்பா